கோப்புறைக்குள் எல்லாம் மாறிப்போய்த் தெரிகிறதா? அறிகுறி பார்த்துச் சரிசெய்யுங்கள்

கோப்பு தொலைந்துவிட்டது என்று பதறுபவர்களில் பலருடைய கோப்பு தொலைந்திருக்காது. வைத்த இடத்திலேயே இருக்கும். காட்டும் விதம்தான் மாறியிருக்கும். சங்கத்து மடிக்கணினியை நாலு பேர் மாற்றி மாற்றிப் பயன்படுத்தும் இடங்களில் இது அடிக்கடி நடக்கும். பொங்கல் விழாப் படங்களை ஒருவர் ஏற்றுவார், கணக்கை இன்னொருவர் பார்ப்பார், மூன்றாமவர் எதையோ அழுத்திவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார்.

இங்கே உள்ள வழிகள் விண்டோஸ் 11க்கு எழுதியவை. விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. ஆனாலும் பல வீடுகளில் அது இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. அதிலும் இவை பெரும்பாலும் பொருந்தும், பட்டன் இருக்கும் இடம் மட்டும் கொஞ்சம் தள்ளியிருக்கும். மேக் வைத்திருப்பவர்களுக்குக் கடைசிப் பக்கமாகச் சில வரிகள் உண்டு. நம் சிங்கப்பூரில் பெரும்பாலான கணினிகள் ஆங்கிலத்தில்தான் இருக்கின்றன என்பதால் திரையில் காணும் பெயர்களை அப்படியே தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன்.

தொடங்குமுன் ஒரு வேண்டுகோள். "காணோம்" என்றதும் கைபேசியிலிருந்து எல்லாவற்றையும் மறுபடி ஏற்றாதீர்கள். பிறகு ஒவ்வொரு படமும் இரண்டாக நிற்கும், அதைப் பிரிப்பது முதல் பிரச்சினையைவிடப் பெரிய வேலை.

ஒரு கோப்புறையில் பட்டியல், அடுத்ததில் பெரிய படங்கள். நான் எதையும் மாற்றவில்லையே?

நீங்கள் மாற்றவில்லை, விண்டோஸ்தான் மாற்றியது. ஒவ்வொரு கோப்புறைக்கும் அது ஒரு வகையை ஒட்டிவைக்கிறது. ஜெனரல் ஐட்டம்ஸ், டாக்குமெண்ட்ஸ், பிக்சர்ஸ், மியூசிக், வீடியோஸ் என்று ஐந்து வகைகள். உள்ளே எந்த மாதிரிக் கோப்புகள் இருக்கின்றன என்று எட்டிப் பார்த்து அதுவே ஊகித்துக்கொள்ளும். ரசீதுகளை எல்லாம் கைபேசியில் படம் பிடித்துப் போட்டால் செலவுக் கணக்குக் கோப்புறை பிக்சர்ஸ் வகையாகிவிடும். பஜனைப் பதிவுகள் சேர்ந்தால் மியூசிக் வகையாகி, மாற்றிய தேதி இருந்த இடத்தில் பாடகர், ஆல்பம் என்று நெடுவரிசைகள் வந்து நிற்கும். "தேதியே காட்டமாட்டேன் என்கிறது" என்று யாராவது சொன்னால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான்.

சரிசெய்ய, அந்தக் கோப்புறையின் மேல் வலது கிளிக் செய்து 'ப்ராப்பர்ட்டீஸ்' எடுங்கள். 'கஸ்டமைஸ்' என்ற தாவலுக்குப் போங்கள். 'ஆப்டிமைஸ் திஸ் ஃபோல்டர் ஃபார்' என்று ஒரு பெட்டி இருக்கும். அதில் 'ஜெனரல் ஐட்டம்ஸ்' என்று தேர்ந்தெடுங்கள். அதற்குக் கீழே, உள்கோப்புறைகளுக்கும் இதையே பயன்படுத்து என்ற பொருளில் ஒரு டிக் பெட்டி உண்டு. வருடம் வாரியாக உள்கோப்புறைகள் வைத்திருப்பவர்கள் அதையும் டிக் செய்யாவிட்டால் மேலே சரியாகி, உள்ளே பழையபடியே இருக்கும்.

வகை சரியான பிறகுதான் தோற்றத்துக்கு வர வேண்டும். இந்த வரிசையை மாற்றிச் செய்வதால்தான் பலருக்கு "எத்தனை முறை மாற்றினாலும் பழையபடி ஆகிவிடுகிறது". கோப்புறையைத் திறந்து, மேலே 'வியூ' பட்டியலில் 'டீடெய்ல்ஸ்' எடுங்கள். நெடுவரிசைத் தலைப்பில் வலது கிளிக் செய்து வேண்டியதற்கு டிக் போடுங்கள், வேண்டாததை எடுத்துவிடுங்கள். தேவையான தலைப்பு பட்டியலில் இல்லை என்றால் அடியில் 'மோர்' இருக்கிறது. அதற்குள் நூற்றுக்கணக்கில் கிடக்கும். அகலத்தைச் சரியாக்க அதே இடத்தில் 'சைஸ் ஆல் காலம்ஸ் டு ஃபிட்' இருக்கிறது. வரிசையை முடிவு செய்ய, தலைப்பைக் கிளிக் செய்தால் போதும். ஷிஃப்டைப் பிடித்துக்கொண்டு இன்னொரு தலைப்பைக் கிளிக் செய்தால் அது இரண்டாம் நிலை வரிசையாகச் சேரும். உதாரணமாக, முதலில் கோப்பு வகை, அதற்குள் தேதி. பலருக்கும் தெரியாத வசதி இது, பொருளாளர்களுக்கு ரொம்பவும் உதவும்.

இந்தத் தோற்றம் பிடித்துப்போனால் மற்றக் கோப்புறைகளுக்கும் பரப்பலாம். மேலே மூன்று புள்ளிகளை அழுத்தி 'ஆப்ஷன்ஸ்' எடுத்து, 'வியூ' தாவலில் 'அப்ளை டு ஃபோல்டர்ஸ்' அழுத்துங்கள். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். இந்தப் பட்டன் எல்லாக் கோப்புறைகளையும் மாற்றாது. அதே வகையைச் சேர்ந்தவற்றை மட்டும் மாற்றும். ஜெனரல் வகைக் கோப்புறையில் நின்று அழுத்தினால் பிக்சர்ஸ் கோப்புறைகள் அசையாது. ஐந்து வகைக்கும் தனித்தனியாகச் செய்யத் தேவையில்லை. படங்கள் இருப்பவற்றுக்கு பிக்சர்ஸ், மற்ற அனைத்துக்கும் ஜெனரல் என்று வைத்துக்கொண்டால் இரண்டு முறை செய்வதோடு வேலை முடிந்தது. மற்ற மூன்றால் பெரிய பயன் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

அப்படியும் சில இடங்களில் பழைய தோற்றம் எட்டிப்பார்க்கும். வேர்டில் 'சேவ் அஸ்' கொடுக்கும்போது வரும் சின்ன சாளரம் தன் தோற்றத்தைத் தனியாக நினைவில் வைத்திருக்கும். தேடல் முடிவுகளும் அப்படித்தான். அங்கே ஒருமுறை போய்க் கையால் மாற்றிவிடுங்கள். இன்னொன்று: தோற்றத்தை மாற்றிய சாளரத்தை ஒழுங்காக மூடினால்தான் அது பதிவாகும். மாற்றிய கையோடு கணினியைப் பட்டனை அழுத்தி அணைத்தால் நினைவில் நிற்காது.

எல்லாம் சிக்கலாகிவிட்டது, தொடக்கத்திலிருந்து வரலாம் என்றால் அதே 'வியூ' தாவலில் 'ரீசெட் ஃபோல்டர்ஸ்' இருக்கிறது. இது கோப்பு எதையும் அழிக்காது. ஆனால் அந்த வகைக் கோப்புறைகளுக்கு இதுவரை பரப்பிவைத்த தோற்றம் அழிந்துவிடும். ஆகவே இது கடைசி வழி. விண்டோஸின் உள் அமைப்புகள் பதிந்திருக்கும் ரெஜிஸ்ட்ரிக்குள் போய் இன்ன இன்னதை அழியுங்கள் என்று சொல்லும் காணொளிகள் நிறைய உலவுகின்றன. பலர் பகிரும் கணினியில் அதைச் செய்யவேண்டாம்.

பதிவிறக்கக் கோப்புறையில் மட்டும் 'இன்று', 'நேற்று', 'போன வாரம்' என்று பிரிந்து கிடக்கிறது

இது கோளாறு இல்லை. 2019இல் வந்த விண்டோஸ் 10இன் '1903' என்ற பதிப்பிலிருந்து 'டவுன்லோட்ஸ்' கோப்புறை புதியது மேலே வரும்படி தேதிவாரியாக அமைந்திருக்கிறது. சிலருக்கு இது பிடிக்கும். கோப்பின் பெயர் தெரியும், தேதி தெரியாது என்பவருக்கு எரிச்சலாக இருக்கும். காலியான இடத்தில் வலது கிளிக் செய்து 'குரூப் பை' என்பதில் 'நன்' என்று கொடுங்கள். அப்புறம் 'சார்ட் பை' என்பதில் 'நேம்' கொடுங்கள். மற்றக் கோப்புறைகளுக்கு நீங்கள் பரப்பிய தோற்றம் இதற்கு வராது, ஏனென்றால் டவுன்லோட்ஸ் மேலே சொன்ன ஐந்தில் சேராத தனி வகை.

இதே கோப்புறை திறக்கும்போது முகவரிப் பட்டையில் பச்சைக் கோடு மெல்ல மெல்ல ஊர்ந்தால், முதல் அறிகுறியில் சொன்ன வகை மாற்றத்தைச் செய்யுங்கள். பிக்சர்ஸ் அல்லது வீடியோஸ் வகை ஒட்டியிருந்தால் ஒவ்வொரு கோப்புக்குள்ளும் புகுந்து விவரம் எடுக்கப் பார்க்கும், அதனால்தான் தாமதம். ஜெனரல் ஐட்டம்ஸ் ஆக்கியதும் பல கணினிகளில் சட்டென்று திறக்கும். புதுக் கணினி வாங்க சிம் லிம் ஸ்குவேருக்குக் கிளம்புமுன் இதைப் பார்த்துவிடுங்கள்.

கோப்புகளில் பாதியைக் காணோம்

முதலில் சாளரத்தின் அடியில் இடது மூலையைப் பாருங்கள். எத்தனை உருப்படிகள் என்று சிறிய எழுத்தில் இருக்கும். இருக்கவேண்டிய எண்ணிக்கையைவிடக் குறைவு என்றால் ஏதோ ஒன்று வடிகட்டுகிறது.

நெடுவரிசைத் தலைப்பின் மேல் சுட்டியைக் கொண்டுபோனால் வலது ஓரத்தில் சின்ன அம்புக்குறி வரும். அதைத் தெரியாமல் தொட்டு, ஒரு தேதிக்கோ ஓர் எழுத்துக்கோ டிக் போட்டுவிட்டால் அதற்குப் பொருந்துபவை மட்டும்தான் தெரியும். அந்தத் தலைப்பில் ஒரு டிக் குறி நிற்பதுதான் அடையாளம். டிக்கை எடுத்தால் எல்லாம் திரும்பிவிடும். தேடல் பெட்டியில் பழைய சொல் ஒன்று மிச்சமிருந்தாலும் இதே கதைதான்.

வடிகட்டி எதுவும் இல்லை என்றால் 'வியூ', 'ஷோ', 'ஹிடன் ஐட்டம்ஸ்' என்று போய் டிக் செய்யுங்கள். மறைந்திருந்தவை மங்கலாகத் தெரியும். ஒன்றின் ப்ராப்பர்ட்டீஸில் 'ஹிடன்' டிக்கை எடுத்தால் அது வெளியே வந்துவிடும்.

பென் டிரைவ் விஷயத்தில் மட்டும் கவனம் தேவை. கண்ட கண்ட கணினிகளில் சொருகி எடுத்த பென் டிரைவில் கோப்புறைகள் இருந்த இடத்தில் அதே பெயரில் குறுக்கு வழிகள், அதாவது மூலையில் வளைந்த அம்புடன் 'ஷார்ட்கட்', நின்றால் அது தீநிரலின், அதாவது வைரஸின் வேலை. அதை இருமுறை கிளிக் செய்யவே கூடாது. செய்தால் உங்கள் கணினிக்கும் வந்துவிடும். விண்டோஸ் செக்யூரிட்டியைக் கொண்டு பென் டிரைவை முழுதாக ஸ்கேன் செய்யுங்கள். பிறகு ஆப்ஷன்ஸில் 'வியூ' தாவலுக்குப் போய், பாதுகாக்கப்பட்ட கணினிக் கோப்புகளை மறை என்ற பொருளில் உள்ள 'ஹைட் ப்ரொடெக்டட் ஆப்பரேட்டிங் சிஸ்டம் ஃபைல்ஸ்' டிக்கைத் தற்காலிகமாக எடுத்தால் உண்மையான கோப்புறைகள் தெரியவரும். உள்ளே இருப்பதைப் புதிய கோப்புறைக்கு நகல் எடுத்துக்கொண்டு, டிக்கைத் திரும்பப் போட்டுவிடுங்கள். அந்த டிக் எடுத்திருக்கும்போது 'டெஸ்க்டாப்' என்று பல்சக்கரக் குறியோடு சில சிறு கோப்புகள் எல்லா இடத்திலும் தெரியும். கோப்புறையின் வகை, அதற்கு வைத்த தனிப் படம் எல்லாம் அதில்தான் எழுதப்பட்டிருக்கும். குப்பை என்று நினைத்து அழித்தால் பெரிய கெடுதல் இல்லை, நீங்கள் செய்த அலங்காரம் போய்விடும், அவ்வளவுதான்.

படத்துக்குச் சிறுபடம் வரவில்லை. ஒரே மாதிரிச் சின்னம்தான் தெரிகிறது

எல்லாப் படங்களுக்கும் வரவில்லையா, சிலவற்றுக்கு மட்டுமா என்று பாருங்கள்.

சிலவற்றுக்கு மட்டும் என்றால் அவை ஐஃபோன் படங்களாக இருக்க வாய்ப்பு அதிகம். 2017இல் வந்த ஐஓஎஸ் 11 முதல் ஐஃபோன் படங்களை எச்இஐசி என்ற வடிவத்தில் சேமிக்கிறது. விண்டோஸில் அது தெரிய, மைக்ரோசாஃப்ட் ஸ்டோரிலிருந்து 'எச்இஐஎஃப் இமேஜ் எக்ஸ்டென்ஷன்ஸ்' வேண்டும், அது இலவசம். கூடவே 'எச்இவிசி வீடியோ எக்ஸ்டென்ஷன்ஸ்' என்பதும் தேவைப்படலாம், அதற்குச் சிறு கட்டணம் உண்டு. காசு கொடுக்க மனமில்லை என்றால் ஐஃபோனின் கேமரா அமைப்பில் 'ஃபார்மட்ஸ்' பகுதியில் 'மோஸ்ட் கம்பாட்டிபிள்' என்று மாற்றுங்கள். இனி எடுக்கும் படங்கள் ஜேபெக்காக வரும். ஏற்கெனவே எடுத்தவை மாறாது. சங்கத்து நிகழ்ச்சிகளுக்குப் படம் எடுக்கும் எல்லோரிடமும் நான் இதைத்தான் சொல்வேன். இடம் கொஞ்சம் கூடுதலாகப் பிடிக்கும், ஆனால் யார் கணினியிலும் திறக்கும்.

எதற்குமே வரவில்லை என்றால் ஆப்ஷன்ஸின் 'வியூ' தாவலில் முதல் வரியாக இருக்கும் 'ஆல்வேஸ் ஷோ ஐகான்ஸ், நெவர் தம்ப்நெய்ல்ஸ்' டிக் விழுந்திருக்கும். எடுத்துவிடுங்கள். அது சரியாகவே இருந்தும் சிறுபடங்கள் கறுப்பாகவோ வேறு படத்தினுடையதாகவோ தெரிந்தால், சேமித்துவைத்த பழைய சிறுபடங்கள் கெட்டுப்போயிருக்கின்றன. செட்டிங்ஸ், சிஸ்டம், ஸ்டோரேஜ், டெம்பரரி ஃபைல்ஸ் என்று போய் 'தம்ப்நெய்ல்ஸ்' மட்டும் டிக் செய்து நீக்குங்கள். விண்டோஸ் தானே புதிதாக உருவாக்கிக்கொள்ளும்.

இங்கே ஓர் ஆபத்து இருக்கிறது. அதே பட்டியலில் 'டவுன்லோட்ஸ்' என்றும் ஒரு வரி இருக்கும். அதற்கு டிக் போட்டு நீக்கினால் உங்கள் பதிவிறக்கக் கோப்புறையில் உள்ளவை நிஜமாகவே அழிந்துவிடும். தானாக அதில் டிக் இருக்காது, ஆனால் 'எல்லாமே தற்காலிகக் கோப்புதானே' என்று மளமளவென்று டிக் போடுபவர்கள் இருக்கிறார்கள். பத்திரத்தையும் காப்புறுதிப் படிவத்தையும் டவுன்லோட்ஸிலேயே விட்டுவைக்கும் வழக்கம் நம்மில் பலருக்கு உண்டு என்பதால் சொல்கிறேன்.

படங்கள் நடந்த வரிசையில் வரவில்லை

தேர் புறப்பட்ட படத்துக்கு முன்னால் அன்னதானப் படம் நிற்கிறது என்றால், முதலில் எந்தத் தேதியை வைத்து வரிசைப்படுத்தியிருக்கிறது என்று பாருங்கள். கணினியில் ஒரு படத்துக்குப் பல தேதிகள். 'டேட் டேக்கன்' கேமரா பதித்தது. 'டேட் மாடிஃபைட்' கோப்பைக் கடைசியாகத் திருத்தியது. நகல் எடுத்தால் பெரும்பாலும் மாறாது. 'டேட் கிரியேட்டட்' இந்தக் கணினியில் இந்த இடத்துக்கு வந்த நேரம். அதனால்தான் உருவாக்கிய தேதி, திருத்திய தேதிக்குப் பிந்தியதாக இருக்கும் வேடிக்கை. பிக்சர்ஸ் வகையில் வெறுமனே 'டேட்' என்று இருக்கும் நெடுவரிசை, எடுத்த தேதி இருந்தால் அதைக் காட்டும், இல்லாவிட்டால் வேறொன்றைக் காட்டும். வரிசை குழம்புவது பெரும்பாலும் இதனால்தான். அதை எடுத்துவிட்டு 'டேட் டேக்கன்' நெடுவரிசையைச் சேர்த்து அதன்படி வரிசைப்படுத்துங்கள்.

இப்போது சில படங்களுக்கு அந்தக் கட்டம் காலியாக இருக்கும். அவை வாட்ஸ்அப்பில் வந்தவை. வாட்ஸ்அப் படத்தைச் சுருக்கும்போது எடுத்த நேரத்தையும் நீக்கிவிடும். ஆண்ட்ராய்டில் சேமித்தவற்றின் பெயரிலேயே 20250120 என்பதுபோல நாள் இருக்கும், அதை வைத்து நாளையாவது கண்டுபிடிக்கலாம். நேரமும் வேண்டுமென்றால் படத்தை 'டாக்குமெண்ட்' ஆக அனுப்பச் சொல்லுங்கள், உள்விவரம் அப்படியே வரும்.

இன்னொரு குழப்பம் ஊருக்குப் போய்வந்த குடும்பங்களுக்கே உரியது. மதுரையில் கல்யாணம். அக்காவின் கைபேசி விமானம் இறங்கியதும் இந்திய நேரத்துக்கு மாறிவிட்டது. மாமாவின் பெரிய கேமரா சிங்கப்பூர் நேரத்திலேயே இருக்கிறது. இரண்டு பேர் படத்தையும் ஒரே கோப்புறையில் போட்டால் மாமா எடுத்தவை எல்லாம் 2 மணி 30 நிமிடம் தள்ளிப் போய் நிற்கும். அக்கா கைபேசியில் பந்தி நடக்கும்போது மாமா கேமராவில் தாலி கட்டிக்கொண்டிருப்பார்கள். இது கோப்புறையின் தோற்றத்தை மாற்றிச் சரியாவது இல்லை. கேமரா பதித்த நேரத்தையே நகர்த்த வேண்டும். விண்டோஸில் படங்களைத் தேர்ந்தெடுத்து ப்ராப்பர்ட்டீஸின் 'டீடெய்ல்ஸ்' தாவலில் தேதியை மாற்றலாம். ஆனால் பல படங்களைச் சேர்த்துப் பிடித்தால் எல்லாவற்றுக்கும் ஒரே தேதியைத்தான் எழுதும், அவரவர் நேரத்திலிருந்து இரண்டரை மணியைக் கழிக்காது. அதற்கு எக்சிஃப்டூல் என்ற இலவசக் கருவி இருக்கிறது. மேக்கில் ஃபோட்டோஸ் செயலியிலேயே பல படங்களின் நேரத்தை மொத்தமாக நகர்த்தலாம். முதலில் மாமாவின் படங்களை மட்டும் தனிக் கோப்புறையில் வைத்து, ஒரு நகல் எடுத்துக்கொண்டு செய்யுங்கள். நெடுவரிசையில் 'கேமரா மாடல்' சேர்த்து வரிசைப்படுத்தினால் யார் எடுத்தது எது என்று பிரிப்பது எளிது.

தேதியே அபத்தமாகத் தெரிகிறதா? ஜனவரி 4 எடுத்தது 1/4 என்று காட்டுகிறதா? புதுக் கணினியை அமைத்தபோது அமெரிக்க வடிவம் விழுந்திருக்கிறது. செட்டிங்ஸ், 'டைம் அண்ட் லாங்குவேஜ்', 'லாங்குவேஜ் அண்ட் ரீஜன்' என்று போய் 'ரீஜனல் ஃபார்மட்' என்பதை சிங்கப்பூர் ஆங்கிலத்துக்கு மாற்றுங்கள். நாள், மாதம், ஆண்டு என்ற நம் வழக்கத்துக்கு வந்துவிடும். கோப்பின் தேதி மாறாது, எழுதிக்காட்டும் முறைதான் மாறும்.

கணினியில் பாட்டு வரிசை சரி. மண்டபத்தில் ஒலிபெருக்கியில் போட்டால் தலைகீழ்

விண்டோஸ் எக்ஸ்பி காலத்திலிருந்து, கோப்புறைகளைத் திறந்து காட்டும் எக்ஸ்ப்ளோரர், பெயருக்குள் இருக்கும் எண்ணை எண்ணாகவே படிக்கும். 2க்குப் பிறகுதான் 10. பல தொலைக்காட்சிகளும் பாட்டுப்பெட்டிகளும் அப்படிப் படிப்பதில்லை. 1, 10, 11, 2 என்று போகும். திருவெம்பாவை இருபது பாடல்களை ஏற்றினால் இரண்டாவதாகப் பத்தாவது பாடல் ஒலிக்கும். 01, 02 என்று பூச்சியம் சேர்த்துப் பெயர் வையுங்கள்.

அப்படியும் மாறிவந்தால் அந்தப் பெட்டி பெயரையே பார்ப்பதில்லை, பென் டிரைவில் எது முதலில் எழுதப்பட்டதோ அந்த வரிசையில் போடுகிறது. பென் டிரைவைக் காலிசெய்து ஃபார்மட் பண்ணி, பாட்டுகளை ஒன்றன்பின் ஒன்றாக வரிசைப்படி நகல் எடுங்கள். கொஞ்சம் பொறுமை வேண்டிய வேலைதான்.

தமிழ்ப் பெயர்கள் அகரவரிசையில் இல்லை, அல்லது ஒரே பெயரில் இரண்டு கோப்புறைகள்

ஆங்கிலப் பெயர்கள் முன்னால், தமிழ்ப் பெயர்கள் பின்னால் என்று நிற்பது இயல்பு. தமிழுக்குள்ளேயே வரிசை பிசகுவதுதான் விநோதம். ஒவ்வொரு எழுத்துக்கும் ஓர் எண் தரும் யூனிக்கோடு குறிமுறையில் ன என்ற எழுத்தின் எண் ந எழுத்துக்கு அடுத்து, ப எழுத்துக்கு முன்னால் வருகிறது; நம் நெடுங்கணக்கிலோ அது கடைசி. ற எழுத்தும் ர எழுத்துக்கு அடுத்தே நிற்கிறது. எண்ணை மட்டும் பார்த்து வரிசைப்படுத்தும் செயலிகளில் உறுப்பினர் பட்டியல் ஏறுமாறாக வருவதற்கு இதுதான் காரணம். இதற்குக் கோப்புறை அமைப்பில் மருந்து கிடையாது. பெயருக்கு முன்னால் தேதியோ எண்ணோ வையுங்கள்: 2025-01-14 பொங்கல், 2025-02-11 தைப்பூசம். ஆண்டு, மாதம், நாள் என்ற இந்த வரிசையில் எழுதினால் பெயர்வரிசையும் கால வரிசையும் ஒன்றாகிவிடும். தீபாவளியை ஒருவர் தமிழிலும் இன்னொருவர் ஆங்கிலத்தில் இரண்டு விதமாகவும் எழுதியிருந்தாலும் ஆண்டுவாரியாகத் தேடிப் பிடிக்கலாம்.

பக்கத்துப் பக்கத்தில் 'பொங்கல்', 'பொங்கல்' என்று இரண்டு கோப்புறைகள் இருந்தால் உங்கள் கண் சரியாகத்தான் இருக்கிறது. 'பொ' என்பதில் உள்ள ஒகரக் குறியைக் கணினி ஒரே குறியாகவும் வைக்கலாம், எகரக் குறி, அதன் பின் கால் என்று இரண்டாகவும் வைக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றே. விண்டோஸுக்கு அவை வெவ்வேறு பெயர்கள், அதனால் இரண்டையும் அனுமதிக்கும். பழைய தட்டச்சு மென்பொருளில் அடித்த பெயரும், பழைய மேக்கிலிருந்து வந்த கோப்புறையும் இப்படி இரட்டையாவது உண்டு. ஒன்றில் உள்ளதை மற்றதற்கு மாற்றிவிட்டு, மிஞ்சியதன் பெயரை முழுக்க அழித்துப் புதிதாக அடியுங்கள்.

கோயில் வேலை பார்ப்பவர்களுக்கு இதைவிடத் தொந்தரவு ஸ்ரீ. சிங்கப்பூரில் ஸ்ரீ மாரியம்மன், ஸ்ரீ சீனிவாசப் பெருமாள், ஸ்ரீ தெண்டாயுதபாணி என்று கோயில் பெயர்கள் பலவும் அதில்தான் தொடங்குகின்றன. ஸ எழுத்தை அடிப்படையாகக் கொண்டும் அதை உருவாக்கலாம், 2005இல் யூனிக்கோடில் சேர்ந்த ஶ எழுத்தைக் கொண்டும் உருவாக்கலாம். எழுத்துருவில் இரண்டும் ஒரே உருவம். கைபேசியில் ஒரு விதமாகவும் கணினியில் இன்னொரு விதமாகவும் அடித்துவிட்டால் தேடும்போது கிடைக்காது. ஆகவே ஸ்ரீயை விட்டுவிட்டு 'மாரியம்மன்' என்று தேடுங்கள், வந்துவிடும்.

மேக்கிலிருந்து ஜிப்பாக வந்த கோப்புறையைப் பிரித்ததும் தமிழ்ப் பெயர்கள் புரியாத குறிகளாக மாறியிருந்தால், உள்ளே உள்ள கோப்பு கெடவில்லை. பெயர் எந்தக் குறிமுறையில் எழுதப்பட்டது என்ற குறிப்பு ஜிப்பில் இல்லாததால் விண்டோஸ் தவறாகப் படித்துவிட்டது. ஜிப் செய்யாமல் கூகுள் டிரைவிலோ ஒன்டிரைவிலோ கோப்புறையாகவே பகிரச் சொல்வதுதான் சுலபமான வழி. பெயர் சரியாக இருந்து கோப்பைத் திறந்தால்தான் உள்ளே குறிகள் வருகின்றன என்றால் அது வேறு சங்கதி. நா. கோவிந்தசாமி இங்கே சிங்கப்பூரில் கணியன் என்ற தமிழ் மென்பொருளை உருவாக்கிய 1990களில் தமிழ் எழுத்துருக்கள் ஆளுக்கொரு குறிமுறையில் இருந்தன. அந்தக் காலத்து ஆவணங்களுக்கு அந்தந்த எழுத்துருவோ யூனிக்கோடுக்கு மாற்றும் கருவியோ வேண்டும்.

மேல்பட்டையே காணோம், டிக் பெட்டிகள் முளைத்துவிட்டன, இன்ன பிற

முகவரிப் பட்டைக்கு மேல் எல்லாம் மறைந்து திரை முழுதும் நிறைந்திருந்தால் எஃப்11 அழுத்துங்கள். ஒவ்வொரு கோப்பின் பக்கத்திலும் டிக் பெட்டி வந்தால் 'வியூ', 'ஷோ' என்று போய் 'ஐட்டம் செக் பாக்சஸ்' எடுத்துவிடுங்கள். வரிகளுக்கு நடுவே இடைவெளி அதிகம் என்றால் அதே பக்கத்தில் 'காம்பாக்ட் வியூ'. படங்கள் திடீரென்று பூதாகாரமாகிவிட்டால் யாரோ கன்ட்ரோலைப் பிடித்தபடி சுட்டியின் சக்கரத்தை உருட்டியிருக்கிறார்கள், எதிர்ப்பக்கம் உருட்டுங்கள். ஒருமுறை தொட்டாலே கோப்பு திறந்தால் ஆப்ஷன்ஸின் 'ஜெனரல்' தாவலில் இருமுறை கிளிக்குக்கு மாற்றுங்கள். கோப்பின் பெயருக்குப் பின்னால் பிடிஎஃப், ஜேபெக் என்ற ஒட்டு தெரியவில்லை என்றால் 'ஷோ' பட்டியலில் 'ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ்' டிக் செய்யுங்கள். இதை மட்டும் எல்லோரும் எப்போதும் போட்டுவைப்பது நல்லது. ரசீது என்று பெயர் வைத்து வரும் நிரலை அடையாளம் காண அதுதான் உதவும்.

மேக்கில்

ஃபைண்டரில் கோப்புறையைத் திறந்து கமாண்டும் ஜேயும் சேர்த்து அழுத்துங்கள். வரும் சிறு பலகையில் 'ஆல்வேஸ் ஓப்பன் இன் லிஸ்ட் வியூ' டிக் செய்து, வேண்டியதை அமைத்து, அடியில் 'யூஸ் அஸ் டிஃபால்ட்ஸ்' கொடுங்கள். தனக்கென்று அமைப்பு உள்ள கோப்புறைகள் இதைக் கேட்காது, அவற்றைத் தனித்தனியாக மாற்றவேண்டும். மறைந்த கோப்புகளைப் பார்க்க கமாண்ட், ஷிஃப்ட், முற்றுப்புள்ளி. மேக்கில் போட்டு எடுத்த பென் டிரைவை விண்டோஸில் திறந்தால் புள்ளியும் அடிக்கோடும் முன்னால் வைத்த சிறு கோப்புகள் ஒவ்வொரு படத்துக்கும் ஒன்றாகத் தெரியலாம். படம் என்று நினைத்துத் திறந்தால் திறக்காது. மேக் தன் குறிப்புகளை வைக்கும் இடம் அது. விண்டோஸ் பக்கம் அழித்துவிடலாம்.

ஆப்ஷன்ஸ் மங்கலாக இருக்கிறது, அல்லது மாற்றியது மறுநாள் இல்லை

அலுவலகக் கணினி என்றால் நிர்வாகி பூட்டியிருப்பார். பிள்ளையின் பள்ளிக் கணினியும் அப்படியே. 2021 இறுதிக்குள் சிங்கப்பூர் உயர்நிலைப் பள்ளி மாணவர் எல்லோருக்கும் சொந்தக் கற்றல் கருவி வந்துவிட்டது. அதில் பள்ளி கண்காணிக்கும் சாதன நிர்வாக மென்பொருளும் இருக்கிறது. எந்தக் கருவி என்பது பள்ளிக்குப் பள்ளி மாறும். குரோம்புக்காக இருந்தால் மேலே சொன்ன எதுவும் பொருந்தாது. அதன் ஃபைல்ஸ் செயலியில் பட்டியல், சிறுபடம் என்று இரண்டே தோற்றங்கள், மேலே வலது பக்கம் ஒரு பட்டனில் மாறும். விண்டோஸ் மடிக்கணினி என்றால் ஆப்ஷன்ஸ் பூட்டியிருந்தாலும் கன்ட்ரோல், ஷிஃப்ட், 6 சேர்த்து அழுத்தினால் விவரப் பட்டியல் வரும். 6க்குப் பதில் 2 என்றால் பெரிய படங்கள். அதற்குமேல் மாற்ற வேண்டியிருந்தால் பள்ளியின் கணினி உதவிப் பிரிவிடம் பிள்ளையை நேரில் கேட்கச் சொல்லுங்கள். பூட்டை நீங்களே கழற்றப் பார்க்கவேண்டாம்.